ஹெச்பிவி தடுப்பூசி: வளரிளம் பெண்களிடம் முதல் முறையாகப் பேசப் போகிறவர்களுக்கு

நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், பள்ளிச் செவிலியராக, தன்னார்வலராக, வீட்டில் அம்மாவாகவோ அக்காவாகவோ இருக்கலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசி பற்றிப் பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரையுள்ள பெண்களிடம் பேசும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, எதைக் கேட்பது, அவர்கள் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது, ஊசி போடும் நாளில் எப்படி உடன் இருப்பது என்று புதியவர்கள் தடுமாறும் இடங்கள் பல. அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

'இந்தப் பெண்களுக்கு விவரம் தெரியாது, சொல்லிக்கொடுத்துவிட்டால் போட்டுக்கொள்வார்கள்' என்ற நினைப்போடு மட்டும் போகாதீர்கள். தெரிந்திருப்பது வேறு, மனம் ஒப்புவது வேறு. வைரஸின் பெயரையும் அது உண்டாக்கும் நோயையும் கடகடவென்று சொல்லும் பெண், ஊசி என்றதும் கையை இழுத்துக்கொள்வாள். ஒன்றுமே தெரியாத பெண், தோழிகள் எல்லாரும் போகிறார்கள் என்று வரிசையில் வந்து நிற்பாள். முதல் பெண்ணுக்கு இன்னொரு பாடம் நடத்திப் பயனில்லை. இரண்டாவது பெண்ணோ, மறுநாள் யாராவது எதையாவது சொன்னால் கலங்கிப்போவாள். யாருக்கு எது தேவை என்று கண்டுகொள்வதுதான் உங்கள் வேலையில் பாதி.

1. முதலில் நீங்கள் தெளிவாகுங்கள்

பெண்கள் கூர்மையாகக் கேட்பார்கள். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போனால் இரண்டாவது கேள்வியிலேயே உங்கள்மேல் நம்பிக்கை போய்விடும். அதனால் கீழே உள்ளவற்றை உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லிப் பழகுங்கள்.

ஹெச்பிவி என்பது ஒரு வைரஸ் குடும்பம். அதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. சில, தோலில் மருக்களை உண்டாக்கும். பத்துப் பன்னிரண்டு வகைகள்தான் புற்றுநோய்வரை கொண்டுபோகக்கூடியவை. அவற்றிலும் 16, 18 என்ற இரண்டே வகைகள் உலகத்தில் ஏற்படும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம். இந்த இரண்டையும் 1983, 1984 ஆண்டுகளில் கட்டித் திசுக்களில் கண்டுபிடித்துக் காட்டியவர் ஜெர்மன் ஆராய்ச்சியாளர் ஹரால்ட் சுர் ஹவுசன். அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு புற்றுநோய்க்குக் காரணம் இன்ன வைரஸ்தான் என்று உறுதியானதால்தான் அதைத் தடுக்க ஊசி செய்ய முடிந்தது. வகுப்பில் இதைச் சொல்லிப்பாருங்கள், அறிவியலில் ஆர்வமுள்ள பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வைரஸ் தொற்றிய எல்லாருக்கும் புற்றுநோய் வருவதில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடம்பே அதை விரட்டிவிடுகிறது. விரட்ட முடியாமல் தங்கிவிட்டால்தான் கர்ப்பப்பை வாயில் உள்ள உயிரணுக்கள் மெல்ல மெல்ல மாறத் தொடங்கும். அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்ஐவி போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே வந்துவிடலாம். 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 6,60,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். முன்கூட்டியே தடுக்க வழி இருக்கும் ஒரு நோயால் இத்தனை பேர் போவதுதான் இந்த வேலையை நாம் செய்வதற்குக் காரணம்.

தடுப்பூசிக்குள் என்ன இருக்கிறது என்பதை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 'வைரஸையே உள்ளே விடுறாங்களா?' என்ற பயம் பரவலாக உண்டு. 1991இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயன் ஃப்ரேசரும் ஜியான் ஜோவும் இந்த வைரஸின் மேலுறைப் புரதத்தைத் தனியாக உருவாக்கினார்கள். அந்தப் புரதங்கள் தாமாகவே ஒன்றுகூடி வைரஸின் வடிவத்தை எடுத்துக்கொள்கின்றன. உள்ளே மரபணு கிடையாது, அதனால் பெருகவோ நோயைத் தரவோ முடியாது. பாம்பு உரித்துவிட்டுப் போன சட்டை மாதிரி: பார்த்தால் பாம்பின் உருவம், ஆனால் கடிக்காது, விஷமும் இல்லை. உடம்பு அந்த உருவத்தைப் பார்த்து அடையாளம் பழகிக்கொள்கிறது. பிறகு உண்மையான வைரஸ் வரும்போது தயாராக இருக்கிறது. ஊசி முதன்முதலில் அனுமதி பெற்றது 2006இல். இரண்டு வகை, நான்கு வகை, ஒன்பது வகை வைரஸ்களைத் தடுக்கும் ஊசிகள் இப்போது உண்டு. 16, 18 ஆகிய இரண்டும் இவை எல்லாவற்றிலும் சேர்ந்திருக்கின்றன.

யாருக்கு எத்தனை ஊசி? உலக சுகாதார நிறுவனம் முதலிடம் கொடுப்பது 9 முதல் 14 வயதுப் பெண்களுக்கு. 2022 டிசம்பரில் அது வெளியிட்ட பரிந்துரைப்படி, 20 வயது வரை ஒரு டோஸ் அல்லது இரண்டு டோஸ், 21 வயதுக்கு மேல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. ஒவ்வொரு நாடும் இதிலிருந்து தனக்கென ஓர் அட்டவணை வகுத்துக்கொள்கிறது. நீங்கள் பேசப்போகும் இடத்தில் எந்த அட்டவணை நடப்பில் இருக்கிறதென்று சுகாதாரத் துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள். ஆளுக்கொரு கணக்குச் சொன்னால் பெற்றோர் குழம்பிவிடுவார்கள்.

2. பேசுவதற்கு முன் கேளுங்கள்

முதல் சந்திப்பிலேயே படம் போட்டுக் காட்டி விளக்கத் தொடங்காதீர்கள். ஒரு தாளைக் கொடுங்கள், பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். பத்துக் கேள்விகளுக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் 'தெரியாது' என்ற பதிலும் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் பெண்கள் ஊகித்து எதையாவது எழுதிவிடுவார்கள், நீங்களும் அதைத் தெரிந்துவைத்திருப்பதாக எடுத்துக்கொள்வீர்கள்.

தாளில் பாதி, தெரிந்ததைப் பற்றியது. ஹெச்பிவி என்று கேள்விப்பட்டதுண்டா, யாரிடமிருந்து? அது எந்த நோயை உண்டாக்கும்? ஆண்களுக்கும் வருமா? தொற்றியிருந்தால் உடனே வெளியே தெரியுமா? ஊசி போட்டுக்கொண்ட பிறகும் பெரியவளானதும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தவறான பதில் நிறைய வரும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபாதி மனத்தைப் பற்றியது. புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். தடுப்பூசியைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அது நான்கு பக்கங்களைப் பார்க்கச் சொல்கிறது: என்ன நினைக்கிறார்கள், என்ன உணர்கிறார்கள் என்பது முதலாவது. சுற்றியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவது, போட்டுக்கொள்ளும் விருப்பம். நான்காவது, போய்ப் போட்டுக்கொள்வதில் உள்ள நடைமுறைச் சிக்கல்கள். வளரிளம் பெண்களிடம் இதையே எளிமையாகக் கேட்கலாம். 'இந்த ஊசி உனக்கு நல்லது செய்யும் என்று நினைக்கிறாயா?' 'எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?' 'உன் வீட்டில் இதை யார் முடிவு செய்வார்கள்?' 'உன் தோழிகள் போட்டுக்கொள்வார்கள் என்று நினைக்கிறாயா?' 'நாளைக்கே போடலாம் என்றால் என்ன சொல்வாய்?' 'எங்கே போய்ப் போட்டுக்கொள்வது என்று தெரியுமா?'

அவளுடைய உறவுகள் பற்றியோ அந்தரங்கம் பற்றியோ ஒரு கேள்விகூட வேண்டாம். ஊசி போடுவதற்கு அந்த விவரம் எதுவும் தேவையில்லை. கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பாள். ஆய்வுக்காகத் தகவல் திரட்டுகிறீர்கள் என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் அந்தப் பெண்ணின் சம்மதமும் வாங்கியிருக்கவேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் போதாது.

தாளின் அடியில் கொஞ்சம் இடம் விட்டு, 'கேட்க நினைப்பதை எழுது' என்று போடுங்கள். என் அனுபவத்தில் மேலே உள்ள எல்லாக் கேள்விகளையும்விட இந்த வெற்றிடம்தான் அதிகம் சொல்லிக்கொடுக்கும். கை தூக்கிக் கேட்கக் கூச்சப்படுகிறவள் இங்கே எழுதுவாள்.

வந்த தாள்களை அன்றிரவே படித்துவிடுங்கள். பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை என்றால் நோயிலிருந்து தொடங்கவேண்டும். கேள்விப்பட்டிருக்கிறார்கள், ஆனால் பயம்தான் அதிகம் என்றால் நேரத்தை ஊசிக்கும் பக்கவிளைவுகளுக்கும் ஒதுக்குங்கள். 'அம்மா வேண்டாம்னு சொல்லிடுவாங்க' என்று நிறையப் பேர் எழுதியிருந்தால் பெண்களிடம் எவ்வளவு பேசினாலும் போதாது, பெற்றோர் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

3. எந்த வயதில் எவ்வளவு சொல்வது

பத்து, பதினொரு வயதுப் பெண்ணுக்கு நீளமான விளக்கம் தேவையில்லை. 'பெண்களுக்குப் பெரியவர்களானதும் வரக்கூடிய ஒரு புற்றுநோய் இருக்கிறது. அது ஒரு வைரஸால் வருகிறது. அந்த வைரஸ் உன்னை நெருங்குவதற்கு ரொம்ப முன்னாடியே இந்த ஊசியைப் போட்டுவிட்டால் உடம்பு தயாராகிவிடும்.' இவ்வளவு போதும்.

பதின்மூன்று, பதினான்கைத் தாண்டியவளிடம் எப்படிப் பரவுகிறது என்பதை மறைக்காதீர்கள். மறைத்தால் கைப்பேசியில் தேடிப் பார்த்துக்கொள்வாள். அங்கே என்ன கிடைக்குமோ, அதைப் படித்துவிட்டு 'ஏன் இதை நம்மிடம் சொல்லவில்லை?' என்று நினைப்பாள். பிறப்புறுப்புப் பகுதியின் தோலோடு தோல் படுவதால், பெரும்பாலும் உடலுறவின்போது, இது பரவுகிறது. உடலுறவு என்பது வாழ்க்கையில் வந்துவிட்ட பெரியவர்களில் பெரும்பாலோருக்கு, ஆணோ பெண்ணோ, எப்போதாவது ஒரு முறை இது தொற்றியிருக்கும். மணமாகி ஒருவரோடு மட்டுமே வாழ்பவர்களுக்கும் வரும். இந்தச் செய்தியைக் கட்டாயம் சொல்லுங்கள். 'தப்பானவங்களுக்கு வர்ற நோய்' என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது. அந்த எண்ணம் பெண்களை ஊசியிலிருந்து மட்டும் விலக்குவதில்லை. பிற்காலத்தில் பரிசோதனைக்குப் போகவும் கூச்சப்பட வைக்கிறது, வெள்ளைப்படுதலோ இடையில் ரத்தக்கசிவோ இருந்தால் வெளியே சொல்லவும் தயங்க வைக்கிறது.

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லாதீர்கள். மஞ்சள் காமாலைக்கோ தட்டம்மைக்கோ எந்தக் குரலில் சொல்வீர்களோ அதே குரலில் இதையும் சொல்லுங்கள். நீங்கள் கூச்சப்படுவதை அவர்கள் ஒரு நொடியில் பிடித்துவிடுவார்கள்.

பையன்களுக்கும் இது வரும், தொண்டையிலும் ஆசனவாயிலும் ஆணுறுப்பிலும் புற்றுநோயை உண்டாக்கும், சில நாடுகளில் பையன்களுக்கும் ஊசி போடுகிறார்கள் என்பதையும் சொல்லலாம். 'எல்லாத்தையும் பொண்ணுங்கதான் சுமக்கணுமா?' என்று கேட்கும் பெண்ணின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதற்கு நேர்மையான பதில் இதுதான்.

4. கேள்விகளுக்குப் பதில்

எங்கே போனாலும் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். எதற்கும் சிரிக்காதீர்கள், யாரையும் அதட்டாதீர்கள். கேட்டவளின் தயக்கத்தில் பாதி, நீங்கள் கேட்டுக்கொள்ளும் முறையிலேயே போய்விடும்.

'குழந்தை பிறக்காமப் போயிடுமாமே, அக்கா?' இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊசிக்கும் மலட்டுத்தன்மைக்கும் தொடர்பு இருப்பதாக எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்புக் குழு இதைப் பல முறை பரிசீலித்திருக்கிறது. 2017இலேயே 27 கோடிக்கும் மேற்பட்ட டோஸ்கள் வினியோகிக்கப்பட்டிருந்தன, அந்த அனுபவத்தை வைத்தும் அது பார்த்தது. உண்மையில், கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோய்க்கும் அதற்கு முந்தைய நிலைக்கும் செய்யும் சிகிச்சைகள் சில தாய்மையைப் பாதிக்கக்கூடியவை. ஊசி அவற்றுக்கான தேவையைக் குறைக்கிறது.

'நான் எந்தத் தப்பும் செய்யலையே, எனக்கு எதுக்கு?' வைரஸ் நெருங்குவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பயன். ஏற்கெனவே தொற்றிவிட்டதை இந்த ஊசி விரட்டாது. இங்கிலாந்தில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 12, 13 வயதில் ஊசி கிடைத்த பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்தது. 14 முதல் 16 வயதில் கிடைத்தவர்களிடம் 62 சதவீதம், 16 முதல் 18 வயதில் கிடைத்தவர்களிடம் 34 சதவீதம். இந்த மூன்று எண்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். 'இப்பவே ஏன்?' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை. வயது கூடியவர்களுக்கும் பயன் உண்டு என்பதையும் அதே எண்களிலிருந்து காட்டுங்கள். பதினேழு வயதுப் பெண் 'எனக்குக் காலம் போயிடுச்சு' என்று எழுந்து போகக்கூடாது.

'இதைப் போட்டா பொண்ணுங்க கெட்டுப்போயிடுவாங்கன்னு சொல்றாங்களே?' பல நாடுகளில் ஊசி போட்ட பெண்களையும் போடாத பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஊசியால் நடத்தை மாறியதாகத் தெரியவில்லை. பெண்களைவிடப் பெற்றோர் மனத்தில்தான் இந்தக் கேள்வி அதிகம் ஓடும், அவர்கள் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது.

'நான் இன்னும் வயசுக்கு வரலை, போடலாமா?', 'பீரியட்ஸ் நேரத்துல போடலாமா?' இரண்டுக்கும், போடலாம். லேசான சளி இருந்தாலும் போடலாம். கடும் காய்ச்சல் இருந்தால் தணிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்குப் பிரசவம் வரை தள்ளிப்போடுவார்கள். முந்தைய டோஸுக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மறுபடி போடக்கூடாது. ஈஸ்ட் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும், சில ஊசிகள் ஈஸ்ட் உயிரணுக்களில் தயாராகின்றன.

'போட்டதும் என்ன ஆகும்?' உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஊசி போட்ட இடம் வலிக்கும், கொஞ்சம் வீங்கிச் சிவக்கலாம். தலைவலி, லேசான காய்ச்சல், அசதி வரலாம். ஓரிரண்டு நாளில் போய்விடும். சிலருக்கு மயக்கம் வரும். கடும் ஒவ்வாமை மிக அரிது, 10 லட்சம் டோஸுக்குச் சுமார் 3 என்ற அளவில், அதற்கான மருந்து ஊசி போடும் இடத்தில் தயாராக இருக்கும். 'ஒன்றுமே ஆகாது' என்று சொல்லி அனுப்பினால் கை வலித்த கணமே உங்கள் மற்ற வார்த்தைகளும் பொய்யாகிவிடும்.

வதந்திகளைப் பற்றிக் கேட்டால் ஜப்பானில் நடந்ததைச் சொல்லுங்கள். 2013 ஏப்ரலில் அங்கே இந்த ஊசி தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. உடல் வலி, நடுக்கம் என்று சில பெண்களைப் பற்றிய செய்திகள் பரவியதும், அதே ஆண்டு ஜூனில் அரசு அதைத் தீவிரமாகப் பரிந்துரைப்பதை நிறுத்திவைத்தது. 70 சதவீத அளவில் இருந்த ஊசி போடும் விகிதம் 1 சதவீதத்துக்கும் கீழே போனது. பிறகு நாகோயா நகரில் ஏறத்தாழ 30,000 இளம்பெண்களிடம், சொல்லப்பட்ட 24 அறிகுறிகளையும் பற்றி விசாரித்தார்கள். ஊசி போட்டவர்கள், போடாதவர்கள் இருவரிடமும் அவை இருந்தன. ஊசிதான் காரணம் என்று காட்டும் தொடர்பு தென்படவில்லை. அரசு மறுபடி முழுமூச்சாகப் பரிந்துரைக்கத் தொடங்கியது 2022 ஏப்ரலில். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வயதைக் கடந்துபோன பெண்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. அறிகுறிகள் வந்த பெண்கள் நடித்தார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர்களின் வேதனை உண்மை, ஊசி காரணம் என்பதுதான் நிரூபிக்கப்படவில்லை.

அயர்லாந்தில் வேறுவிதமாக நடந்தது. அங்கேயும் வதந்தியால் ஊசி போட்டுக்கொள்வோர் விகிதம் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50 சதவீதத்துக்கு இறங்கியது. அப்போது லாரா பிரென்னன் என்ற இளம்பெண் முன்வந்தார். 24 வயதில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர். குணமாக வழியில்லை என்று தெரிந்தும், தன் கதையைத் தொலைக்காட்சியிலும் பிரச்சாரத்திலும் தானே சொன்னார். 2019 மார்ச்சில் 26 வயதில் அவர் இறந்தார். அதற்குள் விகிதம் நன்றாக ஏறத் தொடங்கியிருந்தது. சுகாதாரத் துறையும் மருத்துவர்களும் சேர்ந்து உழைத்தார்கள் என்றாலும், அவர் பேச்சு மக்கள் மனத்தில் இறங்கியதை அங்கே எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

5. பெற்றோரிடம்

பல இடங்களில் கையெழுத்துப் போடுவது பெற்றோர். ஒப்புதல் படிவத்தைப் பெண்ணின் பையில் வைத்து அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பாதி திரும்பி வராது. படிவம் போவதற்கு முன் செய்தி போகட்டும். அம்மாவோடு அப்பாவையும் அழையுங்கள், பல வீடுகளில் 'அவர்கிட்ட கேக்கணும்' என்பதிலேயே விஷயம் நின்றுவிடும்.

கூட்டத்தில் புற்றுநோயை முன்னால் வையுங்கள், பரவும் விதத்தைக் கேட்டால் தெளிவாகச் சொல்லுங்கள். 'இது என் மகளின் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு இல்லை' என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டால் முக்கால் தடை நீங்கும். இன்னொன்று: பெண்ணையும் அந்த உரையாடலில் உட்கார வையுங்கள். தனக்கு என்ன போடுகிறார்கள் என்று தெரிந்த பெண், பின்னால் யார் என்ன சொன்னாலும் தானே பதில் சொல்லுவாள். அவளுக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்கிக் கூட்டிக்கொண்டு போவது எனக்கு உடன்பாடில்லை. ஊசி அவள் கையில்தானே ஏறப்போகிறது.

மறுக்கும் பெற்றோரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். எது தடுக்கிறது என்று கேளுங்கள், பதில் கையில் இருந்தால் சொல்லுங்கள். மருத்துவரிடம் பேச விரும்பினால் வழிசெய்து கொடுங்கள். கதவைத் திறந்தே வைத்துவிட்டு வாருங்கள், அடுத்த முறை அவர்களே வரக்கூடும்.

6. ஊசி போடும் நாள்

இந்த வயதில் மயக்கம் வருவது சகஜம். மருந்தைவிட, ஊசியும் கூட்டமும் பதற்றமும்தான் அதற்குக் காரணம். வெறும் வயிற்றோடு யாரும் வரக்கூடாது என்று முந்தைய நாளே சொல்லுங்கள். தோள்பட்டைத் தசையில் போடுவதால் கை எளிதில் ஏற்றிவிடக்கூடிய சட்டை வேண்டும்.

இடத்தை எப்படி அமைக்கிறீர்கள் என்பது முக்கியம். ஊசி போடுவதைக் காத்திருப்பவர்கள் பார்க்கும்படி வரிசை இருக்கக்கூடாது. ஒரு திரை, அல்லது பக்கத்து அறை. ஒருத்தி மயங்கி விழுவதைப் பார்த்தால் அடுத்தடுத்து நாலு பேருக்குத் தலை சுற்றும். 2014இல் கொலம்பியாவின் எல் கார்மென் தே பொலிவார் என்ற ஊரில் நூற்றுக்கணக்கான மாணவிகளுக்கு மயக்கமும் கைகால் மரத்துப்போவதும் ஏற்பட்டு நாடே பதறியது. அரசின் ஆய்வில் ஊசிக்கும் அதற்கும் தொடர்பு காணப்படவில்லை. பதற்றம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். அதைத் தொடக்கத்திலேயே அமைதியாகக் கையாளவேண்டும், படம் பிடித்துப் பரப்ப இடம் கொடுக்கக்கூடாது.

பயப்படும் பெண்ணிடம் 'இதுக்குப் போய் பயப்படுவாங்களா?' என்று கேட்காதீர்கள். 'எப்படி இருந்தா உனக்கு வசதி?' என்று கேளுங்கள். ஒருத்திக்கு ஊசியைப் பார்க்கக்கூடாது, இன்னொருத்திக்குப் பார்த்தால்தான் நிம்மதி. ஒருத்திக்குத் தோழியின் கை வேண்டும், ஒருத்திக்குப் படுத்துக்கொள்ள வேண்டும். கனடாவில் பள்ளித் தடுப்பூசிக்காக உருவாக்கிய ஒரு முறையின் சாரமே இதுதான்: வசதியாக உட்கார வை, கேள்வி கேட்க விடு, உடம்பைத் தளரவிடச் சொல், கவனத்தை வேறு பக்கம் திருப்பு. இந்த நான்கில் தனக்கு வேண்டியதை அவளே தேர்ந்தெடுத்துக்கொள்வாள்.

முன்பு ஊசியால் மயங்கியவள் என்றால் படுக்கவைத்தே போடச் சொல்லுங்கள். கால் தசைகளையும் வயிற்றையும் பத்துப் பதினைந்து நொடி இறுக்கிப் பிடித்து, முகத்தில் சூடு ஏறுவது தெரிந்ததும் விட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி செய்யும் பயிற்சி ரத்த அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். ஊசி போடும் கை மட்டும் தளர்வாக இருக்கட்டும், இறுகிய தசையில் வலி கூடும். மயக்கமில்லாமல் பயம் மட்டும் உள்ளவளுக்கு இந்தப் பயிற்சி வேண்டாம், மெதுவாக மூச்சு விடச் சொன்னால் போதும்.

போட்ட பிறகு 15 நிமிடம் எல்லாரும் உட்கார்ந்திருக்கவேண்டும், விதிவிலக்கே கிடையாது. சுறுசுறுப்பாக எழுந்து ஓடுகிறவள்தான் படிக்கட்டில் விழுந்து தலையில் அடிபட்டுக்கொள்வாள். யாராவது மயங்கினால் படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள், சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள், செவிலியரைக் கூப்பிடுங்கள். உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், முகமோ உதடோ வீங்குவது ஆகியவை மயக்கத்தின் அறிகுறிகள் அல்ல, கடும் ஒவ்வாமையின் அறிகுறிகள். அவை தென்பட்டால் ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவரை அழைக்கவேண்டும்.

7. அதற்குப் பிறகு

மறுநாள் ஒரு முறை எல்லாரையும் விசாரியுங்கள். கை வலிக்கிறதா, தூங்கினார்களா, யாராவது ஏதாவது சொன்னார்களா? மூன்றாவது கேள்வியை மறக்காதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே தாளை, பெயரில்லாமல், மறுபடி கொடுத்துப் பாருங்கள். தெரிந்தது கூடியிருக்கும், அதில் பெரிய வியப்பில்லை. மனம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். முன்பு 'பயம்' என்று எழுதிய இடத்தில் இப்போது என்ன எழுதியிருக்கிறார்கள், போட்டுக்கொள்ளாதவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று தனியாகக் குறித்துவையுங்கள். அடுத்த குழுவிடம் எங்கிருந்து தொடங்குவது என்று அது சொல்லிவிடும். போட்டுக்கொள்ளாத பெண்களை யாரும் கேலி செய்யவோ பட்டியல் போட்டு ஒட்டவோ விடாதீர்கள்.

ஊசியின் பெயர், தேதி, தொகுதி எண் மூன்றும் உள்ள அட்டையை ஒவ்வொருவரும் வாங்கிக்கொள்ளவேண்டும், அதைப் படம் எடுத்து அம்மாவின் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் இடத்தில் இரண்டாவது டோஸ் உண்டு என்றால் தேதியைப் பள்ளி நாட்காட்டியில் அன்றே குறித்துவிடுங்கள். ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை, அதனால் பரிசோதனை வயது வந்ததும் அதையும் செய்துகொள்ளவேண்டும். பொதுவாக 30 வயதிலிருந்து, எச்ஐவி உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பெண்களுக்கு அது தொலைதூரம். ஆனால் கூட்டத்துக்கு வந்திருக்கும் அம்மாக்களில் பலர் இப்போதே அந்த வயதைக் கடந்தவர்கள், ஒரு முறைகூடப் பரிசோதித்துக்கொள்ளாதவர்களும் அவர்களில் இருப்பார்கள். எங்கே, எந்த நாளில் பரிசோதனை செய்கிறார்கள் என்ற விவரத்தை அச்சடித்து, பெண்ணின் அட்டையோடு சேர்த்து அம்மாவின் கையில் கொடுத்தனுப்புங்கள்.